வாயை நேர்ந்துகொண்ட காசில்டா

எங்கள் துறைமுகத் தெருவில் காசில்டா ரென்டாஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை இளப்பமாகப் பேசினால், நான் கையிலிருக்கும் ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். நான் சண்டைக்காரி இல்லை. ஆனால் அவளுக்கு நடந்ததெல்லாம் என் கண்முன்னால் நடந்தது. இன்றைக்கும் பரலோக மந்திரத்தில் எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்கிற இடம் வரும்போது என் நாக்கு கொஞ்சம் தயங்கித்தான் போகிறது. ஆண்டவர் அதை மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

அவள் மகன் தொரிபியோவுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே கை நீட்டி நின்றவள் நான். பெற்றவளும் ஞானத்தாயும் எங்கள் பக்கம் ஒருத்தியை ஒருத்தி 'கொமாய்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கூடப்பிறந்தவள்கூட அதற்கு அப்புறம்தான்.

காசில்டா துணி தேய்ப்பவள். மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி, சட்டையை முக்கி உலர்த்தி, கரியடுப்பில் காயும் இரும்பை மாற்றி மாற்றி எடுத்துத் தேய்ப்பாள். இரும்பு சூடாகும்வரை பேசுவாள். சூடு ஆறும்வரையும் பேசுவாள். அவள் வீட்டைக் கடந்து போகிறவர்கள் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். கண்ணில் பட்டுவிட்டால் அன்றைய வேலை கெட்டது. பாவசங்கீர்த்தன வரிசையில் பழைய பங்குச் சாமி அவளை எப்போதும் கடைசியாகத்தான் நிற்கச் சொல்வார், மற்றவர்கள் வீடு போய்ச் சேரட்டும் என்று.

எங்கள் தீவைத் தங்களுடையதாக்கிக்கொள்ள அமெரிக்கர்கள் கரையிறங்கிய வருஷம் தொரிபியோ இடுப்புக் குழந்தை. கப்பலிலிருந்து வந்த சிப்பாய்கள் கல் மாதிரி பிஸ்கோத்துகளைக் கூட்டத்துக்குள் எறிந்தார்கள். வாத்தியம் முழங்கியது, எல்லோரும் கைதட்டினோம். காசில்டா ஒரு பிஸ்கோத்தைப் பிடித்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதத் தின்னு வளந்தவங்க லேசுல சிரிக்க மாட்டாங்க கொமாய்" என்றாள். அடுத்த வருஷம் பெரும்புயல் வந்து அவள் புருஷனைக் கொண்டுபோயிற்று. மலையில் அவர்களுக்கிருந்த காப்பிச் செடிகளையும் அது விட்டுவைக்கவில்லை. புயலுக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கரும்பு, கரும்புக்குப் பின்னால் ஒரு கம்பெனி. அவர்கள் நிலத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்கி வந்து இரும்பைப் பிடித்தாள்.

அப்புறம் இருபது வருஷம் ஆலை அதிகாரிகளின் வெள்ளை உடுப்பும், பட்டணத்து நீதிபதியின் காலரும் அவள் கையில்தான் விறைத்து நின்றன. அவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. வேலைக்காரி பின்கதவில் கொடுப்பாள், பின்கதவில் வாங்கிக்கொள்வாள்.

உலகப் போர் வந்தது. எங்களைக் கேட்காமலே எங்களையெல்லாம் அமெரிக்கக் குடிமக்கள் ஆக்கினார்கள். அந்தச் சூட்டோடு சாராயத்தை நிறுத்தலாமா என்று மட்டும் கேட்டார்கள், அதுவும் ஆண்களை. ஓட்டுச்சீட்டில் ஒரு பக்கம் புட்டிப் படம், ஒரு பக்கம் தேங்காய்ப் படம். புட்டி வேண்டாம் என்பவர்கள் தேங்காய்க்குப் போடவேண்டும். தேங்காய்க்காக வெயிலில் குடை பிடித்து வீடு வீடாக ஏறி இறங்கியவள் மிஸ் ஹாலோவெல். அமெரிக்கப் பெண்மணி, வெள்ளைச் சப்பாத்து, கூடவே மொழிபெயர்க்க ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். நாங்கள் சுத்தமாக, ஒழுக்கமாக வாழவேண்டும் என்று அவள் மனசார ஆசைப்பட்டாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

தேங்காய் ஜெயித்தது. கடைகளை மூடினார்கள். குடிக்கிறவர்கள் ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடித்தார்கள். கடையில் ஊற்றிக் கொடுத்துப் பிழைத்த பெலேன் என்கிற பெண், பூட்டிய கடையின் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தாள். எதற்கு நின்றாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். குடிமகன் ஆகிவிட்டான் அல்லவா, தொரிபியோவையும் கூப்பிட்டார்கள். தலைநகரத்துப் பக்கம் புதிதாகப் போட்ட முகாமில் பயிற்சி, முடிந்ததும் கப்பல் என்று பேச்சு. ரயிலடியில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காசில்டா வழியெல்லாம் பேசாமல் வந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள்.

"மெர்செத் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வெச்சிருக்கேன் கொமாய். எம்புள்ள முழுசா வீடு வந்து சேரணும்."

என்ன நேர்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"எங்கிட்ட என்ன இருக்கு குடுக்க? பொன்னு இல்ல. முடியக் குடுக்கலாம்னா அது எலிவால் மாதிரி இருக்கு. இந்த வாய் ஒண்ணுதான் இருக்கு. அதக் குடுத்துட்டேன்."

"மொத்தமாவா?"

"மொத்தமாக் குடுத்தா நான் செத்துருவேன்டி. சனிக்கிழமை மட்டும்."

நேர்ச்சை இப்படி. ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்த்த துணியையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, செருப்பில்லாமல், முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, துறைமுகத்தின் அந்தக் கோடியிலிருக்கும் மாதா கோயிலுக்கு நடக்கவேண்டும். கதவைச் சாத்தியதிலிருந்து மாதாவின் முன்னால் முழங்கால் தரையில் படும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார் கூப்பிட்டாலும் கூடாது. நடுவில் வாய் திறந்தால் நேர்ச்சை முறிந்தது, மகனுக்குப் பிணை நின்றதும் போயிற்று.

மெர்செத் மாதா இரக்கத்தின் மாதா. சிறைப்பட்டவர்களை மீட்பவள். பட்டாளமும் ஒரு சிறைதானே என்று காசில்டா நினைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அப்படி நடந்து போகும்போது எங்கள் ஆட்கள் வழிவிடுவார்கள். வம்புக்காரப் பையன்கள்கூட ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெறுங்காலும் விரித்த முடியும் மூடிய வாயும் ஒன்றாகப் போனால் அது நேர்ச்சை என்று இங்கே நடை பழகும் குழந்தைக்கும் தெரியும்.

தெரியாதவர்கள் வந்தார்கள். முகாமில் இருக்கும் பையன்களுக்கு நோய் வந்துவிடக்கூடாதாம், போருக்குச் சுத்தமாகப் போகவேண்டுமாம். அதற்காகத் தீவு முழுவதும் கெட்ட பெண்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி உத்தரவு. அந்தப் பெண்களிடம் போகிற ஆண்களைப் பிடிக்க உத்தரவு இல்லை. எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் தெரிந்த முகங்களைப் பிடிக்கத் தயங்கியதால் வெளியூரிலிருந்து புது ஆட்களை இறக்கினார்கள். கணக்குக் காட்டவேண்டும் என்று அவர்களுக்கும் அவசரம்.

அப்படி ஒரு சனிக்கிழமை ஒரு புதுப் போலீஸ்காரன் கிடங்குகளுக்கு நடுவே தண்டவாளத்தருகே காசில்டாவை நிறுத்தினான். துறைமுகப் பாதை, தனியாக ஒரு பெண், விரித்த முடி. பேர் என்ன என்றான். பதில் இல்லை. எங்கே போகிறாய் என்றான். பதில் இல்லை. அவள் கோயில் பக்கம் கையைக் காட்டினாளாம். அந்தப் பக்கம்தான் கப்பல்களும் நின்றன.

ஏற்கெனவே பிடிபட்டு வண்டியில் உட்கார்ந்திருந்த பெலேன்தான் இதை எனக்குப் பிறகு சொன்னாள்.

"நான் வண்டியிலேர்ந்து கத்தினேன் அக்கா. யோவ், அது துணி தேய்க்கிற அம்மாய்யா, நேர்ச்சைக்குப் போவுது, விடுய்யான்னு. அந்தாளு சொல்றான், எல்லாரும் எங்கயாச்சும் போய்க்கிட்டுத்தான் இருக்கீங்க, ஏறுன்னு. உனக்கு அம்மா இல்லியாடான்னு கேட்டேன். அதுக்குத்தான் இது." வீங்கிய கன்னத்தைக் காட்டினாள்.

நீதிமன்றத்துக்கு நானும் தெருப் பெண்கள் சிலரும் போனோம். வக்கீல் இல்லை, விசாரணை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பெண்களை வரிசையாக நிறுத்திப் பெயரைக் கேட்டுத் தண்டனையைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி எங்கள் தீவுக்காரர்தான். ஆனால் அன்று மிஸ் ஹாலோவெலும் இரண்டு அமெரிக்க டாக்டர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் தாம் பழைய காலத்து ஆள் இல்லை என்று காட்ட அவருக்கு அவசரமாக இருந்தது.

காசில்டா முறை வந்தது. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாதாவின் முன்னால் முழங்கால் போடும்வரை அவள் பேசமாட்டாள், கோயிலுக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போனால் எல்லாம் சொல்வாள் என்றேன். பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நேர்ச்சை என்று சொல்லிவிட்டால் வேறு பேச்சே இருக்காது என்று நினைத்துத்தான் போயிருந்தோம். எங்கள் தெருவில் அப்படித்தான். அங்கே அந்த வார்த்தையே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

நீதிபதி டாக்டர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தக் காலத்துலயும் நேர்ச்சையா? உலகமே நம்மள பாத்துக்கிட்டிருக்கு. அவளுக்கு வாய் இருக்குதானே? அவ பேர அவளே சொல்லட்டும். ஒரே ஒரு வார்த்தை. இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

காசில்டா என்னைப் பார்த்தாள். நாள் முழுக்கப் பேசினாலும் களைக்காத அந்த வாயை, அது தானாகத் திறந்துவிடுமோ என்று பயந்தவள்போல், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் விரல்மேல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு வீடு. சொன்னால் மகன் போனான். அவள் அப்படித்தான் நம்பினாள், நானும் அப்படித்தான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, உங்க கழுத்துல நிக்கிற காலரு இவ தேய்ச்சது" என்றேன். யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதியின் முகம் சிவந்தது. ஆறு மாதம் என்றார்.

பட்டணத்துச் சிறை நிரம்பி வழிந்ததால் துறைமுகத்துப் பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றில் கம்பி வைத்துப் பெண்களை அடைத்திருந்தார்கள். அங்கே பேன் வருமென்று எல்லோருக்கும் முடியை ஒட்ட வெட்டினார்கள். டாக்டர்கள் அவளைச் சோதித்த விதத்தை நான் எழுதமாட்டேன். அவளுக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் விடவில்லை என்பதை எழுதுவேன். ஒழுக்கம் பழகவேண்டுமாம். மிஸ் ஹாலோவெல் வாரம் ஒருமுறை வந்து பெண்களுக்குத் துணி மடிக்கவும் தேய்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். காசில்டாவுக்கும் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தாள். பெலேன் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குமுன் நான் பெலேனோடு தெருவில் நின்று பேசியதில்லை. அன்றிலிருந்து வறுத்த வாழைக்காயும் உப்பு மீனும் கொண்டுபோனால் இரண்டு பொட்டலமாகத்தான் கொண்டுபோனேன்.

எங்கள் புதுப் பங்குச் சாமியும் அமெரிக்கர். நான் போய் அழுததும் கிடங்குக்கு வந்தார். குருவானவருக்குத் தெரியாமல் செய்த நேர்ச்சை கட்டாது, தாம் அவளை அதிலிருந்து அவிழ்த்துவிடுவதாகவும் இனி அவள் பேசலாம் என்றும் சொல்லி, அவள் தலைமேல் சிலுவை அடையாளம் போட்டார். காசில்டா அவர் கையை முத்தமிட்டாள். பேசவில்லை. வெளியே வந்து, இது பக்தி இல்லை, பிடிவாதம் என்றார். குருவானவர் சொல்லை நான் தட்டுகிறவள் இல்லை. ஆனால் பேச்சுக் கொடுத்தது காசில்டா, வாங்கிக்கொண்டது மாதா. நடுவில் அவிழ்க்க இவர் அங்கே இருக்கவே இல்லையே.

செய்தி எப்படியோ முகாமுக்குப் போய், தொரிபியோ இரண்டு நாள் விடுப்பில் வந்தான். பட்டாளத் தொப்பி, முழங்கால்வரை சுற்றிய துணி, புதுச் சப்பாத்து. கம்பிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு நின்ற அம்மாவை முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா. முகாம்ல எல்லாம் ஒருமாதிரி பேசுறாங்க. பொய்தானே? பொய்யுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அவள் அவன் முகத்தைத் தடவினாள். காதைத் தடவினாள். தலையை ஆட்டி இல்லை இல்லை என்றாள். அவனுக்கு அது போதவில்லை. எப்போதும் நிற்காமல் பேசும் அம்மா அவள். அந்த அம்மா பேசாமல் நின்றதே அவனுக்கு ஒரு பதிலாகிவிட்டது.

"அடுத்த மாசம் கப்பல்னு சொல்றாங்கம்மா. எங்கிட்டகூடப் பேசமாட்டியா?"

அவள் மறுபடியும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே அவனைப் பிடித்து நிறுத்தி நேர்ச்சையைப் பற்றிச் சொன்னேன். உன்னால்தானடா அவள் ஊமையாக நிற்கிறாள் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொல்றத நம்பணும்னுதான் ஞானம்மா இருக்கு. ஆனா அங்க வாரா வாரம் எங்கள உக்கார வெச்சு படம் காட்டுறாங்க. கெட்ட பொம்பளைங்க எப்படி இருப்பாங்கன்னு. பாக்க சாதாரணமாத்தான் இருப்பாங்க, நம்பாதீங்கன்னு சொல்றாங்க" என்றான்.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்தப் பையனுக்கு எந்தக் கெடுதலும் வந்துவிடக்கூடாது என்றுதானே அந்தக் கிடங்கைக் கட்டிக் காத்தார்கள்? யாரிடமிருந்து காத்தார்கள்? அவனைப் பெற்றவளிடமிருந்து. நிலத்தை எடுத்தார்கள், சரி. மகனை எடுத்தார்கள். அவள் முடியையும் மானத்தையும் எடுத்தார்கள். கடைசியில் அம்மாமேல் அவனுக்கிருந்த நம்பிக்கையையும் படம் போட்டு எடுத்துவிட்டார்கள். எல்லாம் எங்களைத் திருத்துவதற்காக.

அவன் போய்விட்டான். காசில்டா சாப்பிடுவதை நிறுத்தினாள். கப்பலுக்கு முன்னால் அவள் பேசியாகவேண்டும், பேச மாதாவின் முன்னால் முழங்கால் போட்டாகவேண்டும், கிடங்குக் கதவு திறக்காது.

செப்டம்பர் மாதக் கடைசியில் மெர்செத் மாதா திருநாள். அன்று மாதா சப்பரத்தில் ஏறித் துறைமுகத்தைச் சுற்றி வருவாள். படுக்கையில் கிடக்கிற நேர்ச்சைக்காரர்கள் வீட்டு முன்னால் சப்பரத்தை இறக்கி நிறுத்தும் வழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. கோயிலுக்கு வரமுடியாதவர்களை மாதா போய்ப் பார்த்தால் நேர்ச்சை தீர்ந்தது என்று கணக்கு. சப்பரம் தூக்குவது கப்பலில் சர்க்கரை மூட்டை ஏற்றும் ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் தோன் சிரிலோ, காளைக் கழுத்து, அதிகம் பேசாதவர். எங்கே நிறுத்துவது என்பது அவர் தோளைப் பொறுத்தது.

நான் அவரிடம் போனேன். கிடங்குப் பக்கம் சப்பரம் போகக்கூடாது என்று பங்குச் சாமி முன்பே சொல்லிவிட்டாராம். போலீஸும் சொல்லிவிட்டதாம். நான் பேசி முடிக்கும்வரை தோன் சிரிலோ சுருட்டை மென்றுகொண்டிருந்தார்.

"சாமி சொன்னா நான் என்னம்மா செய்யறது? அவர் சொல்ற வழியிலதான் போவேன்." சுருட்டை எடுத்துவிட்டு, "ஆனா மாதா கனம் ஏறிட்டான்னா என் பொறுப்பில்ல" என்றார்.

திருநாளன்று சாமி சொன்ன வழியில்தான் சப்பரம் போனது, கிடங்குத் தெரு முனை வரைக்கும். அங்கே தோன் சிரிலோ மெல்ல முனகினார். பக்கத்து ஆளும் முனகினார். மூட்டை மூட்டையாகச் சர்க்கரை சுமக்கும் அத்தனை பேருக்கும் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. மாதா கனக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். மாதா கனத்தால் அவள் எந்தப் பக்கம் சாய்கிறாளோ அந்தப் பக்கம் போகவேண்டும், வேறு வழி கிடையாது. சப்பரம் வலது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் கிடங்கு.

சாமி முன்னால் ஓடி வந்து நிறுத்துங்கள் என்றார். நிறுத்தத்தான் பார்க்கிறோம் சாமி, இழுக்குது என்றார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரன் குறுக்கே வந்தான், காசில்டாவைப் பிடித்த அதே ஆள்.

தோன் சிரிலோ அவனிடம் பொறுமையாகச் சொன்னார். "தம்பி, நீ வேணும்னா இந்தப் பக்கத் தோளைக் குடு. நீ தூக்கி அப்படித் திருப்பிட்டா நாங்க வர்றோம்."

அவன் சப்பரத்தைப் பார்த்தான், பின்னால் நின்ற ஊரைப் பார்த்தான், ஒதுங்கினான்.

கம்பியின் முன்னால் சப்பரத்தை இறக்கினார்கள். பாட்டு நின்றது. உள்ளே பெலேன் மற்றப் பெண்களை விலக்கி காசில்டாவை முன்னால் தள்ளினாள். மெலிந்து போயிருந்த காசில்டா மாதாவைப் பார்த்தபடியே முழங்கால் போட்டாள். தரையில் முழங்கால் பட்டது எங்களுக்குக் கேட்டது.

முதலில் குரல் வரவில்லை. பேசாமலே இருந்த தொண்டை அல்லவா. இருமினாள். பிறகு சொன்னாள்.

"என் பேரு காசில்டா ரென்டாஸ். துணி தேய்க்கிறவ. தொரிபியோவப் பெத்தவ."

அப்புறம் கொட்டிற்று. அன்று அவள் பேசியதை முழுவதும் எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். மாதாவிடம் எல்லாவற்றையும் முறையிட்டாள். டாக்டர்கள் செய்ததை ஊர் கேட்கச் சொன்னாள். நீதிபதியின் காலரில் எத்தனை அழுக்கு என்று சொன்னாள். சாமி தலையைக் குனிந்துகொண்டார். திருநாள் பார்க்க வந்திருந்த மிஸ் ஹாலோவெல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கம்பியருகே வந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். டீச்சர் அவள் கேட்டதை எங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னாள்: பேச முடிந்தவள் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களே, ஏன் சொல்லவில்லை என்று.

காசில்டா எழுந்து நின்றாள். "எம்புள்ள உயிர வெச்சு நான் பேச்சுக் குடுத்திருந்தேன். உங்களுக்கு ஒரு வார்த்தை குடுக்க எங்கிட்ட மிச்சம் இல்ல. என் கொமாய் சொன்னா. ஊரே சொல்லுச்சு. அது உங்க காதுல விழலியா?"

டீச்சர் இதை மொழிபெயர்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

பேசிவிட்டாள் அல்லவா, இனி விடுவார்கள் என்று நீதிமன்றத்துக்கு ஓடினோம். விடவில்லை. தண்டனை எழுதியாயிற்று, எழுதியது எழுதியதுதான் என்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்ற அதே நீதிபதிக்கு அத்தனை வார்த்தையும் காதில் ஏறவில்லை.

கப்பல் வரவில்லை. முகாமில் விஷக்காய்ச்சல் வந்து பையன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், பிறகு போரே முடிந்தது. வெடி வெடித்தார்கள். பட்டாளத்துப் பையன்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். காப்பாற்ற ஒரு சிப்பாய்கூட இல்லாத அந்தத் தீவில், சிப்பாய்களைக் காப்பாற்றுவதற்காக அடைத்த பெண்கள் மட்டும் உள்ளேயே இருந்தார்கள்.

தொரிபியோ ரயிலிலிருந்து இறங்கி நேராகக் கிடங்குக்கு வந்தான். உடுப்பைக்கூட மாற்றவில்லை. நான் உணவுப் பொட்டலத்தோடு அங்கே இருந்தேன். அம்மா பேசியது அவனுக்கு எட்டியிருந்ததா என்று தெரியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து வாய் திறக்காமல் நின்றான். இந்த முறை அவனுக்குத்தான் பேச்சு வரவில்லை.

காசில்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு. அதுக்கப்புறம்தான் உங்கிட்டப் பேசுவேன்."

கழற்றினான்.

"கீழ போடு. ம். இப்பக் கேளு, அன்னிக்கிக் கேட்டதக் கேளு."

அவன் கேட்கவில்லை. கம்பியில் தலையைச் சாய்த்து அழுதான். அவள் அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள், பலமாகவே. பிறகு அவனிடம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள், காவல்காரன் வந்து விரட்டும்வரை.

ஆறு மாதமும் முடிந்துதான் அவள் வெளியே வந்தாள். நீதிபதி வீட்டு வேலைக்காரி பழையபடி காலர் மூட்டையைக் கொண்டு வந்தாள். காசில்டா அதைப் பிரிக்காமல் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, எங்கள் தெருவின் பேச்சுக்காரி, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகன் முழுசாக வீடு வந்த கடனுக்கு ஒரு நடை பாக்கி இருந்தது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவள் கதவைச் சாத்திவிட்டு வெறுங்காலோடு புறப்பட்டாள். முடி அப்போதுதான் காதுவரை வளர்ந்திருந்தது. வாய் மூடியிருந்தது. பின்னால் கொஞ்சம் தள்ளி தொரிபியோவும் வெறுங்காலோடு நடந்தான், யாராவது அம்மாவிடம் பேர் கேட்டால் தான் சொல்வதற்கு. அவனுக்குப் பின்னால் ஜெபமாலையோடு நான்.

தண்டவாளத்தருகே அந்தப் போலீஸ்காரன் நின்றுகொண்டிருந்தான். அதே பாதை, அதே பெண், அதே மூடிய வாய். தொரிபியோ மூச்சை இழுத்துக்கொண்டு பதிலைத் தயாராக வைத்திருந்தான். போலீஸ்காரன் காசில்டாவைப் பார்த்தான், பின்னால் வரும் ஆம்பிளையைப் பார்த்தான், அவனுக்குத் தொப்பியைத் தொட்டு வழிவிட்டான்.

பேரைக்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.